சாலையோரத்து அன்னாசிப் பழம்

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில், பிரிஸ்பேன் நகருக்கு வடக்கே ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தொலைவில் நம்போர் என்றோர் ஊர் இருக்கிறது. கரும்பாலும் அன்னாசியாலும் வளர்ந்த ஊர் அது. ஊருக்குச் சற்றுத் தெற்கே, சாலையோரத்தில், 16 மீட்டர் உயரமுள்ள ஓர் அன்னாசிப் பழம் நிற்கிறது. கண்ணாடி இழையால் செய்த பழம். உள்ளே படிக்கட்டு உண்டு. ஏறிச் சென்றால், மேலே நின்று சுற்றியுள்ள நிலங்களைப் பார்க்கலாம்.

இதை 1971ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் திறந்தார்கள். அந்நாளில் வடக்கே செல்லும் புரூஸ் நெடுஞ்சாலை அதன் வாசலை ஒட்டியே போயிற்று. விடுமுறைக்குக் காரில் போகிறவர்களை நிறுத்த வேண்டும். பழத்தின் வேலை அதுதான். நின்றவர்களைச் சிறு ரயிலில் ஏற்றி அன்னாசி வரிசைகளுக்கு இடையே சுற்றிக் காட்டினார்கள். 1983இல் இளவரசர் சார்ல்சும் டயானாவும்கூட வந்து பார்த்தார்கள்.

அந்த இடத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'சன்ஷைன் பிளாண்டேஷன்', அதாவது வெயில் தோட்டம். தோட்டத்து வெயில் எப்படியிருக்கும் என்று அறிந்த நமக்குச் சிரிப்புத்தான் வருகிறது. அன்னாசி இலை கையைக் கிழிப்பதை ரயிலில் போகிறவர் அறியமாட்டார்.

குயின்ஸ்லாந்தின் தோட்டங்களுக்கும் ஒரு பழைய கதை உண்டு. 1863 முதல் நாற்பது ஆண்டுகள், பசிபிக் தீவுகளிலிருந்து ஆட்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றிக் கொண்டு வந்தார்கள். ஆசை காட்டியும் ஏமாற்றியும் கொண்டு வந்தவர்கள் பலர். பிடித்து வந்ததும் உண்டு. கரும்புக் காடுகளில் அவர்கள் உழைத்தார்கள். 1901இல் ஒரு சட்டம் வந்தது. அதன்படி, அவர்களில் பெரும்பாலோரைச் சில ஆண்டுகளில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். நம் முன்னோர் கப்பலேறிய கதையை வீட்டில் கேட்டு வளர்ந்த நமக்கு இது அந்நியமாகத் தோன்றவில்லை.

நம்போரில் 1897 முதல் சர்க்கரை ஆலை ஓடிற்று. கரும்பு ஏற்றிய குட்டி ரயில் கடைத்தெரு வழியாகவே ஆலைக்குப் போகும். 2003இல் ஆலையை மூடிவிட்டார்கள்.

பழத்துக்கு அடி அதற்கு முன்பே விழுந்தது. 1990இல் நெடுஞ்சாலையை வேறு வழியாகத் திருப்பினார்கள். கார்கள் அந்தப் பக்கம் போயின. பழம் நின்ற இடத்திலேயே நின்றது. பார்க்க வருவோர் குறைந்தனர், உரிமையாளர்களும் மாறினர். 2009இல் மாநில அரசு அதை மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. ஆகவே இப்போது அதை நினைத்தபடி இடித்துவிட முடியாது. பழைய சாலையில் போகிறவர்கள் இன்றும் அதைக் காணலாம்.