தொலைந்த பையும் திருட்டு ஆந்தையும்

1917, அக்டோபர். பாலஸ்தீனப் பாலைவனம். ஒற்றைக் குதிரையில் ஒரு பிரிட்டிஷ் அதிகாரி, துருக்கிப் படையின் காவல் வீரர்கள் கண்ணில் படும் தூரத்துக்கே வந்துவிடுகிறார். அவர்கள் துரத்த, இவர் குதிரையைத் திருப்பிக்கொண்டு பறக்க... துப்பாக்கிச் சத்தம்! சேணத்தில் உடல் ஒரு பக்கமாகச் சாய்கிறது. ரத்தக்கறை படிந்த தோள்பை ஒன்று மணலில் விழுகிறது. ஆள் மட்டும் எப்படியோ தப்பித்துவிடுகிறார்.

பையைப் பிரித்தவர்களுக்கு லாட்டரி அடித்த சந்தோஷம். ‘பெரிய தாக்குதல் காஸா மீதுதான், பீர்ஷெபா பக்கம் சும்மா போக்குக் காட்டுவோம்’ என்று சொல்லும் ராணுவக் குறிப்புகள். கூடவே இருபது பவுண்டு பணம். குழந்தை பிறந்த செய்தியோடு மனைவி எழுதிய கடிதம். பணமும் பாசக் கடிதமும் உள்ள பையை யாராவது வேண்டுமென்றே தொலைப்பார்களா என்ன?

தொலைத்தார்கள்! கடிதம் போலி. ரத்தம் குதிரையுடையது. அக்டோபர் 31-ம் தேதி ஜெனரல் ஆலன்பியின் படை முழுவேகத்தில் பாய்ந்தது பீர்ஷெபா மீது. டிசம்பரில் ஜெருசலேமே பிரிட்டிஷார் கையில். துருக்கியர் அந்தப் பையை எவ்வளவு தூரம் நம்பினார்கள் என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். ஆனால் ‘நான்தான் செய்தேன்’ என்று சொல்லி வாழ்நாள் பூராவும் புகழில் குளித்தவர் ஒருவர் உண்டு. ராணுவ உளவுப் பிரிவு அதிகாரி ரிச்சர்ட் மைனர்ட்ஷாகன். பெயர் வாயில் நுழையவில்லையா? வசதிக்கு ‘மைனர்’ என்றே வைத்துக்கொள்வோம். குணத்துக்கும் பொருத்தம்தான்!

1878-ல் லண்டனில், வங்கி நடத்திய பணக்காரக் குடும்பத்தில் பிறந்தவர். புகழ்பெற்ற சோஷலிஸ்ட் பியாட்ரிஸ் வெப் இவருக்குச் சித்தி. ராணுவத்தில் சேர்ந்து, இந்தியாவுக்கு வந்து, பிறகு கிழக்கு ஆப்பிரிக்கா போனார். காட்டில் ஒரு ராட்சசப் பன்றி இனத்தை உலகுக்கு அறிமுகப்படுத்தினார். அதன் அறிவியல் பெயரில் இன்றும் மைனர் இருக்கிறார். இது பொய்யில்லை, நிஜம்.

அடுத்ததும் நிஜம்தான், ஆனால் கசப்பானது. கென்யாவில் நாண்டி இன மக்கள், ரயில் பாதைக்கும் வெள்ளையர் ஆட்சிக்கும் எதிராகப் பத்து வருடத்துக்கு மேல் போராடினார்கள். தலைவர் கொய்தலெல். 1905 அக்டோபர் 19-ம் தேதி ‘சமாதானம் பேசலாம், வாங்க’ என்று அழைப்பு. வந்தவரை மைனர் சுட்டுக் கொன்றார். உடன் வந்தவர்களும் அங்கேயே சரிந்தார்கள். ‘முதலில் துரோகம் செய்தது அவர்கள்’ என்றார் மைனர். விசாரணைகளில் ‘குற்றமில்லை’ என்று தீர்ப்பு. ஆனாலும் சத்தமில்லாமல் ஆப்பிரிக்காவிலிருந்து அனுப்பிவிட்டார்கள். கொய்தலெலின் கோல்கள் நாண்டி மக்களிடம் திரும்பி வர 2006 வரை ஆயிற்று.

முதல் உலகப்போர் வெடித்தது. 1914 நவம்பரில் ஜெர்மானியர் வசமிருந்த டாங்கா துறைமுகத்தைப் பிடிக்க இந்தியப் படை போய் இறங்கியது. உளவு அதிகாரி நம்ம மைனர். அந்தப் படையில் நம்ம ஊர்ப் பெயரைத் தாங்கிய 63-வது பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரியும் இருந்தது. சுமார் எட்டாயிரம் பேர் போய், ஆயிரம் பேர் சொச்சம் இருந்த எதிரியிடம் செம அடி வாங்கித் திரும்பினார்கள். போதாக்குறைக்குத் தேனீக்கள் வேறு கொட்டித் தீர்த்தன!

பிறகு மைனர் தன் தொழிலில் கெட்டிக்காரர் ஆனார். ஜெர்மன் அதிகாரிகள் கக்கூஸில் துடைத்துப் போட்ட காகிதங்களைப் பொறுக்கி வரச்சொல்லி, அதிலிருந்தே ரகசியங்களைத் திரட்டினார் என்பார்கள். உவ்வே! ஆனால் உளவுத்துறையில் நாற்றம் பார்த்தால் முடியுமா?

போருக்குப் பிறகு மைனரின் புகழ் எங்கேயோ போய்விட்டது. லாரன்ஸ் ஆஃப் அரேபியா தன் புத்தகத்தில் இவரைப் பற்றி எழுதினார். மைனரே தன் டைரிகளைப் புத்தகங்களாகப் போட்டார். அதில், கை உயர்த்தி ‘ஹைல்’ சொன்ன ஹிட்லருக்கு ‘ஹைல் மைனர்ட்ஷாகன்’ என்று பதில் சொன்னாராம்! டைரி முழுக்க டைப் அடித்த, எப்போது வேண்டுமானாலும் உருவிச் செருகக்கூடிய தனித்தாள்கள். அதை ஏன் என்று அன்றைக்கு யாரும் யோசிக்கவில்லை.

போர்க்களப் பொய்யைப் பிடிப்பது கஷ்டம். சாட்சி செத்திருப்பான், ஃபைல் எரிந்திருக்கும். மைனரைக் கடைசியில் மாட்டிவிட்டவை, பஞ்சடைத்த பறவைகள்!

அவர் பெரிய பறவை நிபுணரும்கூட. நம்ம சலீம் அலி 1937-ல் இவரோடு ஆப்கானிஸ்தானுக்குப் போய்ப் பறவை பார்த்திருக்கிறார். (கூட வந்தவரைப் பற்றி டைரியில் மைனர் மட்டமாக எழுதிவைத்ததை, சலீம் அலி பெருந்தன்மையோடு தன் சுயசரிதையிலேயே வெளியிட்டார்!) 1954-ல் சுமார் இருபதாயிரம் பறவைகளை லண்டன் இயற்கை வரலாற்று மியூசியத்துக்கு மைனர் தானமாகக் கொடுத்தார். அடடா, எவ்வளவு தாராளம்! பொருட்கள் காணாமல் போகின்றன என்று அதே மியூசியம் ஒரு காலத்தில் இவரைப் பறவைப் பிரிவுக்குள்ளேயே விடாமல் தடை போட்டிருந்தது என்பது பலருக்கு மறந்துபோயிருந்தது.

1967-ல் மைனர் இறந்தார். 1990-களில் ஆலன் நாக்ஸ், பமீலா ராஸ்முசென் போன்ற ஆய்வாளர்கள் அந்தப் பறவைகளைக் கையிலெடுத்தார்கள். தையல் முறை, பஞ்சு, எக்ஸ்ரே... ஒவ்வொரு பறவை பிடிப்பவருக்கும் உள்ளே அடைத்துத் தைப்பதில் ஒரு ‘கைரேகை’ உண்டு. மைனர் பெயரில் இருந்த பல பறவைகளில் வேறு ஆட்களின் கைரேகை. மியூசியத்திலேயே திருடி, லேபிளை மாற்றி, மியூசியத்துக்கே தானம் செய்திருக்கிறார்!

அதில் ஒன்று நம் நாட்டு ஆந்தை. காட்டுச் சிற்றாந்தை. ‘1914 அக்டோபர், குஜராத் மாண்ட்வியில் பிடித்தது’ என்று மைனரின் லேபிள். உண்மையில் ஜேம்ஸ் டேவிட்சன் என்பவர் 1880-களில் காந்தேஷ் பகுதியில் பிடித்தது அது. இந்தப் பொய்க்கு ஒரு விலை இருந்தது. அழிந்தேவிட்டதோ என்று பயந்த ஒரு பறவையைத் தேடியவர்களை, இல்லாத ஊருக்கு வழி காட்டியது அந்தத் துண்டுக் காகிதம்.

சரி, அந்தப் பை? துருப்பு ஆலன்பியின் அதிகாரிகளில் ஒருவரான பெல்கிரேவ் என்பவரின் யோசனை. குதிரையில் போய்ப் பையைப் போட்டவர் ஆர்தர் நீட் என்ற இன்னொரு உளவு அதிகாரி என்கிறார்கள் இன்றைய ஆய்வாளர்கள். 2007-ல் பிரையன் கார்ஃபீல்ட் ஒரு முழுப் புத்தகமே எழுதி மைனரைத் தோலுரித்தார். 1928-ல் துப்பாக்கிக் குண்டு பட்டு இறந்த மைனரின் மனைவி ஆனியின் மரணத்தையும் அவர் சந்தேகிக்கிறார். விபத்து என்றுதான் பதிவு. நிரூபணம் கிடையாது, அதை அப்படியே விட்டுவிடுவோம்.

ராஸ்முசென் என்ன செய்தார் தெரியுமா? மைனரின் லேபிளைத் தூக்கி ஓரமாக வைத்தார். பழைய ஆட்கள் நிஜமாகவே ஆந்தை பிடித்த இடங்களை மட்டும் குறித்துக்கொண்டு, இரண்டு நண்பர்களோடு இந்தியா வந்தார். 1997 நவம்பரில் ஒரு காலை, மகாராஷ்டிராவின் ஷஹாதா அருகே, ஒரு மொட்டை மரத்தில் சாவகாசமாக உட்கார்ந்திருந்தது, 113 வருடமாக யாரும் உயிரோடு பார்த்திராத அந்த ஆந்தை.