கடைமடையில் இருசக்கர வண்டிகள்: ஸ்கூட்டர், புல்லட், பெட்டி கட்டிய மொபெட்

தமிழகத்தில் இருசக்கர வண்டிகளின் வரலாறு பெரும்பாலும் தொழிற்சாலைகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வருகிறது. வண்டி கடையை விட்டு வெளியேறிய பின் ஊர்ப் பட்டறைகளில் அதற்கு என்ன நேர்ந்தது என்பது அதன் மறுபாதி. திருவாரூர் மாவட்டத்தின் தென்கோடியில், காவிரியின் கிளையாறுகள் அலையாத்திக் காட்டுக்குள் புகுந்து கடலில் கலக்கும் இடத்தில் உள்ள முத்துப்பேட்டை போன்ற கடைமடை ஊர்களில் இந்த மறுபாதியைத் தெளிவாகக் காணலாம். அழகுக்காகப் பெயர்பெற்ற ஸ்கூட்டரும் மிடுக்குக்காகப் பெயர்பெற்ற புல்லட்டும் இங்கே ஓடின; இன்றும் ஓடுகின்றன. ஆனால் இந்த மண்ணுக்கேற்ப அதிகமாக மாற்றப்பட்டதும், அதிகமான குடும்பங்களுக்குச் சோறு போட்டதும் இரண்டுமல்லாத மூன்றாவது வண்டியான மொபெட்தான்.

ஸ்கூட்டரின் வருகை

இரண்டாம் உலகப் போரில் விமானத் தொழிற்சாலையை இழந்த இத்தாலியின் பியாஜியோ நிறுவனம் 1946இல் வெஸ்பா ஸ்கூட்டரை வெளியிட்டது. இத்தாலிய மொழியில் வெஸ்பா என்றால் குளவி. இதை வடிவமைத்த கொராடினோ தஸ்கானியோ விமானப் பொறியாளர்; மோட்டார் சைக்கிளை விரும்பாதவர். இன்ஜினை மூடி மறைத்து, கால் வைக்கத் தட்டையான தளமும் சேறு தெறிக்காதபடி முன்புறம் ஒரு கவசமும் அமைத்தார். காலைத் தூக்கிப் போட்டு ஏற வேண்டிய தேவை இல்லாததால் இத்தாலியில் பாவாடை அணிந்த பெண்களுக்கு அது வசதியாயிற்று. அதே காரணத்தால் நம் நாட்டில் வேட்டி கட்டியவருக்கும் சேலை உடுத்தியவருக்கும் பொருந்திப் போயிற்று. அடுத்த ஆண்டே மிலான் நகரின் இன்னொசெந்தி நிறுவனம் லாம்ப்ரெட்டாவைக் கொண்டு வந்தது.

1960களின் பிரிட்டனில் 'மாட்ஸ்' எனப்பட்ட இளைஞர்கள் இந்த ஸ்கூட்டர்களில் வரிசை வரிசையாகக் கண்ணாடிகளையும் விளக்குகளையும் பொருத்தி அலங்கரித்தனர். 1964இல் பிரைட்டன் கடற்கரையில் அவர்களுக்கும் மோட்டார் சைக்கிள் ஓட்டிய 'ராக்கர்ஸ்' கூட்டத்துக்கும் நடந்த மோதல் நாடு முழுவதும் பேசப்பட்டது. வண்டியை அழகுபடுத்துவதே அடையாளமாக மாறிய காலம் அது. அதே ஸ்கூட்டர் இந்தியாவில் வேறொரு வகையில் அந்தஸ்தைப் பெற்றது: எளிதில் கிடைக்காமல் போனதால்.

லாம்ப்ரெட்டாவை பம்பாயின் ஆட்டோமொபைல் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனமும், வெஸ்பாவை உரிமம் பெற்று பஜாஜ் நிறுவனமும் தயாரித்தன. எத்தனை வண்டி தயாரிக்கலாம் என்பதை அரசின் உரிமமே வரையறுத்தது. பஜாஜின் வெஸ்பா உரிமம் 1971இல் முடிய, 1972இல் சேத்தக் வந்தது. பணம் கட்டிப் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பது வழக்கமாயிற்று. அந்நியச் செலாவணியில் பணம் செலுத்தினால் வரிசையைத் தாண்டி முன்னதாகவே பெற வழி இருந்தது. மலேயா, சிங்கப்பூர் என்று பழகி, பின்னர் வளைகுடா நாடுகளுக்கும் பிழைப்புத் தேடிச் சென்ற முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் இப்படி ஒரு வழி இருந்தது சிறிய செய்தி அல்ல.

இத்தாலியில் லாம்ப்ரெட்டா உற்பத்தி நின்றபோது அதன் இயந்திரங்களை இந்திய அரசு விலைக்கு வாங்கியது. 1972இல் லக்னோவில் ஸ்கூட்டர்ஸ் இந்தியா லிமிடெட் தொடங்கப்பட்டது. அங்கிருந்து விஜய் சூப்பர் வந்தது. ஓடிக்கொண்டிருக்கும் ஸ்கூட்டர் நின்றுவிட்டால் அதை ஒரு பக்கமாகச் சாய்த்து நிமிர்த்திவிட்டு மறுபடி உதைப்பார்கள். அந்தத் தலைமுறையினர் யாரைக் கேட்டாலும் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்ளும் காட்சி இது.

ஆனால் சிறிய சக்கரம் டெல்டாவுக்கு ஒத்துவரவில்லை. வெஸ்பா வகை ஸ்கூட்டர்களின் சக்கரம் எட்டு அல்லது பத்து அங்குலம்தான். இன்ஜின் பின்சக்கரத்தின் வலப்பக்கம் இருந்ததால் எடையும் ஒருபக்கமே சாய்ந்திருக்கும். தார்ச்சாலை உள்ள ஊருக்கு இது குறையல்ல. வாய்க்கால் கரைமீது மழைக்காலக் களிமண்ணில் போக வேண்டியவருக்குக் குறைதான். ஆகவே ஸ்கூட்டர் வங்கி ஊழியர், ஆசிரியர், கடைக்காரர் என்று ஊருக்குள்ளேயே நின்றது. வயல் பக்கம் இறங்கவில்லை.

திருவொற்றியூர்ச் சோதனைகள்

புல்லட்டின் கதை சென்னையோடு பிணைந்தது. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் பிறந்த ராயல் என்ஃபீல்டு வண்டிகளை மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் இறக்குமதி செய்து விற்றது. எல்லைக் காவலுக்காக இந்திய ராணுவம் 350 சி.சி. புல்லட்டைத் தேர்ந்தெடுத்ததும், 1955இல் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் உருவாயிற்று. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. தாய் நிறுவனம் 1970 அளவில் இங்கிலாந்தில் மூடப்பட்ட பிறகும் திருவொற்றியூரில் உற்பத்தி நிற்கவில்லை. 1977இல் புல்லட் பிரிட்டனுக்கே ஏற்றுமதியானது. கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதைதான். ஆனால் விற்றுக் காட்டினார்கள்.

இந்தத் தொழிற்சாலை புல்லட்டை மட்டும் செய்யவில்லை என்பதைப் பலர் மறந்துவிட்டனர். 1960களில் இங்கிருந்து 'ஃபென்டாபுலஸ்' என்ற ஸ்கூட்டர் வந்தது. வில்லியர்ஸ் வகை 175 சி.சி. இன்ஜின் கொண்ட கனமான வண்டி அது. அடுத்து குரூசேடர், மினி புல்லட் முதலிய இரண்டு ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள்கள் வந்தன. 22 சி.சி. மட்டுமே கொண்ட 'மோஃபா' என்ற மிகச் சிறிய மொபெட்டும் வந்தது. ஜெர்மனியின் சுண்டாப் வடிவமைப்பைத் தழுவி சில்வர் பிளஸ், எக்ஸ்புளோரர், ஃப்யூரி ஆகியவை பிறந்தன. ஃப்யூரியில் ஐந்து கியரும் முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக்கும் இருந்தன. அக்கால இந்தியச் சாலைக்கு அது புதுமை. இவற்றில் எதுவும் நிலைக்கவில்லை. மாறாத பழைய புல்லட்டே நிறுவனத்தைத் தாங்கியது.

டீசல் புல்லட்

இந்திய இருசக்கர வண்டிகளில் மிக விசித்திரமானது எது என்று கேட்டால் டீசல் புல்லட்டைத்தான் சொல்ல வேண்டும். எழுபதுகளில் பெட்ரோல் விலை ஏறியபோது, டீசல் அதைவிட மிகவும் மலிவாக இருந்தது. பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிவிட்டு, தண்ணீர் இறைக்கவும் சிறு இயந்திரங்களை ஓட்டவும் பயன்பட்ட டீசல் இன்ஜினைப் புல்லட்டின் சட்டத்தில் பொருத்தும் வேலை வட இந்தியாவில் பட்டறைகளில் நடந்தது. பின்னர் நிறுவனமே 'டாரஸ்' என்ற பெயரில் டீசல் புல்லட்டை விற்றது. கிரீவ்ஸ் லொம்பார்தினி நிறுவனத்தின் 325 சி.சி. இன்ஜின், திறன் சுமார் 6.5 குதிரைத்திறன் மட்டுமே. வேகம் மணிக்கு 65 கிலோமீட்டரைத் தாண்டுவது கடினம். அதிர்வும் புகையும் தாராளம். ஆனால் ஒரு லிட்டருக்கு 70 கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. தொடர் உற்பத்தியில் டீசல் மோட்டார் சைக்கிள் உலகிலேயே அரிது. புகை விதிகள் இறுகியதும் இதுவும் மறைந்தது.

வயலில் தண்ணீர் இறைக்கும் ஆயில் இன்ஜினின் சத்தத்தோடு பிறந்து வளர்ந்த காவிரிப் படுகை விவசாயிக்கு இந்த வண்டியில் வியக்க ஒன்றுமில்லை. இன்ஜின் என்பது அவருக்கு ஒரே இடத்தில் பூட்டிய பொருள் அல்ல. வாய்க்காலில் தண்ணீர் இருக்கும்போது ஓர் இடம், இல்லாதபோது வேறோர் இடம்.

இதே துணிவு வேறு ஊர்களில் வேறு உருவம் எடுத்தது. டெல்லியில் போருக்குப் பின் மிச்சமான ஹார்லி டேவிட்சன் வண்டிகளைப் பயணிகள் வண்டியாக்கி 'பட்பட்டி' என்று ஓட்டினர். சௌராஷ்டிரத்தில் புல்லட்டின் முன்பாதியோடு பின்னால் வண்டித் தட்டைச் சேர்த்து 'சக்கடா' செய்தனர். சென்னையில் மூன்று சக்கர மிதிவண்டித் தட்டில் பழைய இருசக்கர வண்டியின் இன்ஜினைப் பொருத்தியதே மீன்பாடி வண்டி. புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகள் இல்லாவிட்டால் அது பிறந்திருக்காது. எந்தப் பதிவேட்டிலும் இடமில்லாத அந்த வண்டி மீனையும் ஐஸ் கட்டியையும் இரும்புக் கம்பியையும் சுமந்தது. அதைத் தடுக்கும் முயற்சி நீதிமன்றம் வரை போயிற்று. அதை நம்பியிருந்த கூலிக்காரரின் பிழைப்பும் ஒவ்வொரு முறையும் ஆட்டம் கண்டது.

டி.வி.எஸ். 50

1980இல் ஓசூரில் சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் மொபெட் பிரிவு டி.வி.எஸ். 50 என்ற வண்டியை வெளியிட்டது. 1911இல் மதுரையில் டி.வி. சுந்தரம் ஐயங்கார் தொடங்கிய குழுமத்தைச் சேர்ந்த நிறுவனம் இது. இரண்டு பேர் அமரத்தக்க மொபெட் இந்தியாவில் அதுவே முதல். ஐம்பது சி.சி.க்குள் அடங்கும் கியரில்லாத வண்டியை 16 வயதிலேயே உரிமம் பெற்று ஓட்டலாம் என்ற விதியும் அதற்குத் துணை நின்றது.

வடிவழகில் வெஸ்பாவோடு ஒப்பிட இதில் எதுவும் இல்லை. ஒரு குழாய்ச் சட்டம், சைக்கிளை நினைவூட்டும் சக்கரங்கள், மூடாத இன்ஜின். ஆனால் டெல்டாவுக்கு வேண்டியவை எல்லாம் அந்தக் குறைகளிலேயே இருந்தன. சக்கரம் பெரிதாக இருந்ததால் வரப்பிலும் கரையிலும் ஏறி இறங்கிற்று. எடை குறைவு என்பதால் சேற்றில் சிக்கினால் ஒருவரே தூக்கி வெளியே வைக்கலாம். கியர் போட வேண்டியதில்லை என்பதால் புதிதாகக் கற்பவரும் பெண்களும் தயங்கவில்லை. பின்னால் வந்த எக்ஸ்.எல். வகைகளில் இருக்கைக்கு முன்னுள்ள இடம் திறந்தே கிடந்தது. அங்கே ஒரு நெல் மூட்டையோ எரிவாயு உருளையோ நிற்கும். 2015இல் வந்த எக்ஸ்.எல். 100 நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு மாறியது. பின் இருக்கையைக் கழற்றிவிடும் வசதியும் அதில் உண்டு. மற்ற நிறுவனங்கள் பெட்ரோல் மொபெட்டைக் கைவிட்டுவிட்ட நிலையில், இந்தியச் சந்தையில் அந்த வகையில் எஞ்சி நிற்பது இதுவே.

பட்டறையின் கைவேலை

தொழிற்சாலையிலிருந்து வந்த மொபெட் அப்படியே வயலுக்கோ சந்தைக்கோ போவதில்லை. முதலில் வெல்டிங் பட்டறைக்குப் போகும். முத்துப்பேட்டை வட்டாரத்தில் மீன் வியாபாரிகளின் வண்டியைப் பார்த்தால் இது விளங்கும். பின் இருக்கையை எடுத்துவிட்டு, இரும்புப் பட்டையாலும் கம்பியாலும் அகலமான தாங்கி பொருத்துகிறார்கள். அதன்மேல் ஐஸ் நிரப்பிய பெட்டி. இருபக்கமும் கூடையோ வாளியோ தொங்கக் கொக்கிகள். முன்புறம் தராசும் எடைக்கற்களும் மீன் ஆயும் அரிவாள்மனையும். கைப்பிடியில் அழுத்தினால் 'பாம் பாம்' என்று ஒலிக்கும் ரப்பர் ஹாரன். லகூனில் பிடிபடும் இறால், நண்டு, மடவை, கொடுவா எல்லாம் காலையிலேயே உள்நாட்டுச் சிற்றூர்களின் வாசலை எட்டுவது இப்படித்தான். திருவாரூர்–காரைக்குடி ரயில் பாதை அகலப் பாதையாக மாற்றப்பட்ட பல ஆண்டுகள் ரயில் ஓடாதபோது, சிறு வியாபாரிக்குச் சாலையை விட்டால் வேறு வழி இல்லை.

சுமையை எங்கே வைப்பது என்பதில்தான் இந்தக் கைவேலையின் நுட்பம் இருக்கிறது. பெட்டி பின்சக்கர அச்சுக்கு மிகவும் பின்னால் போனால் முன்சக்கரம் லேசாகி, கைப்பிடி ஆடும். மேலே உயர்ந்தால் திருப்பத்தில் வண்டி கவிழப் பார்க்கும். ஆகையால் தேர்ந்த பட்டறைக்காரர் கனமானதை அச்சுக்கு நேராகவும் தாழ்வாகவும் வைக்கப் பார்ப்பார். முன்னால் ஒரு மூட்டையை ஏற்றிச் சமன் செய்வதும் உண்டு. கூடுதல் எடைக்காகப் பின் ஷாக் அப்சார்பரின் ஸ்பிரிங்கை மாற்றுவார்கள். பள்ளியில் நெம்புகோலுக்குப் படித்த பாடம் இதுதான்; இங்கே கரும்பலகை மட்டும் இல்லை.

பால் கேன் ஏற்றுபவருக்கு வளைய வடிவத் தாங்கி வேண்டும். தேங்காய் ஏற்றுபவருக்குப் பக்கவாட்டுச் சாக்கு. பிளாஸ்டிக் குடம் விற்பவரின் வண்டியில் சரக்கு ஓட்டுபவரின் தலைக்கு மேலே எழும். ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு வடிவம் உண்டு. தூரத்திலிருந்து வண்டியின் நிழலைப் பார்த்தே என்ன விற்கிறார் என்று சொல்லிவிடலாம். பிரிட்டன் இளைஞரின் ஸ்கூட்டரில் கண்ணாடிகள் செய்த வேலையை இங்கே கூடையும் பெட்டியும் செய்கின்றன. அழகுக்கும் இடமில்லாமல் இல்லை: முகப்பில் பிள்ளைகளின் பெயர், பிறை, வேல், சிலுவை, நடிகரின் படம்.

மாற்றமும் சட்டமும்

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து வாகனத்தை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டின் சட்டத்திருத்தம், அனுமதியின்றி மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க இடம் தந்தது. காது கிழியும் சைலன்சரைப் பொருத்திய புல்லட்டுக்கு இது பொருந்துவதில் யாருக்கும் வருத்தம் இருக்காது. வாகனத்தின் அடிப்படை அமைப்பை மாற்றுவதே 'மாற்றம்' என்று சட்டம் விளக்குகிறது. அந்த வகையில் போல்ட் போட்டு மாட்டிய மீன் தாங்கி எந்தப் பக்கம் சேரும் என்பது சாலையில் நிற்கும் அதிகாரியின் பார்வையைப் பொறுத்தது. அளவுக்கு மீறிய சுமையால் விபத்து நேர்வதும் உண்மை. ஒரு நாள் வண்டி பறிபோனால் பெட்டியிலுள்ள மீன் கெட்டுப்போவதும் உண்மை.

சட்டமே வரவேற்கும் மாற்றமும் ஒன்று உண்டு. ஸ்கூட்டரின் பின்புறம் இருபக்கமும் துணைச் சக்கரம் சேர்த்து மாற்றுத்திறனாளிகள் ஓட்டத்தக்கதாக ஆக்குவது. கையால் சுற்றி ஓட்டிய மூன்று சக்கர வண்டியின் இடத்தில் இது வந்தது. கால்கள் செயலிழந்தவர்களுக்கு இணைப்புச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டரைத் தமிழக அரசு விலையில்லாமல் வழங்கி வருகிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் இதற்கெனத் தனியாகவே இடம் ஒதுக்கியது. அதைப் பெற்றவர்களில் பலர் அதன் பின்புறம் ஒரு பெட்டியைக் கட்டி, காய்கறி விற்கப் புறப்பட்டுவிட்டார்கள்.

உப்புக் காற்றும் மீன் பெட்டியிலிருந்து வடியும் தண்ணீரும் வண்டியின் சட்டத்தைச் சீக்கிரமே துருப்பிடிக்க வைக்கின்றன. தாங்கி தனியாகப் போல்ட் போட்டு மாட்டியது என்பதால், மொபெட் ஓய்ந்த பின் அதைக் கழற்றி, புதிதாக வாங்கிய வண்டியில் மாட்டிக்கொள்ள முடிகிறது.