பிக்கப் வண்டியின் பேட்டரிக்கு ஆயுள் ஏன் கூடவில்லை

அமெரிக்காவில் பிக்கப் வைத்திருக்கும் ஒருவரிடம் பேட்டரி எத்தனை வருடம் உழைக்கும் என்று கேட்டால், மூன்றிலிருந்து ஐந்து வருடம் என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். அவருடைய தந்தையைக் கேட்டிருந்தாலும் இதை ஒட்டிய பதிலே வந்திருக்கும். இடைப்பட்ட காலத்தில் பேட்டரியின் பெட்டி, தகடு, தடுப்பு, ஈயத்தோடு சேரும் உலோகம் எல்லாமே மாறிவிட்டன. வேறெந்தப் பொருளிலும் இவ்வளவு திருத்தம் நடந்திருந்தால் ஆயுள் பல மடங்கு ஏறியிருக்கும். இங்கே ஏறாததற்கு ஈயத்தைக் குறை சொல்வது வழக்கம். நான் குறை சொல்வது வண்டியை. பேட்டரி செய்தவர்கள் தேடித் தந்த ஆயுளையெல்லாம் வண்டி செய்தவர்கள் புதுப்புது வேலைகளாக வாங்கிக்கொண்டார்கள்.

ஈயத்தால் நெடுங்காலம் வாழ முடியும் என்பதற்குச் சான்று பேட்டரியின் பிறப்பிலேயே இருக்கிறது. 1859ல் பிரான்சின் காஸ்டன் பிளாந்தே கந்தக அமிலத்தில் ஈயத் தகடுகளை அமிழ்த்தி, மீண்டும் மீண்டும் மின்னேற்றி, தகட்டின் மேற்பரப்பையே மின்சாரம் தேக்கும் பொருளாக மாற்றினார். 1881ல் கமீல் ஃபோர் ஈய ஆக்சைடைக் குழைத்துத் தகட்டின் மேல் பூசும் முறையைக் கொண்டுவந்தார். பூசிய தகடு எடை குறைந்தது, விரைவில் தயாராவது, ஆனால் பூச்சு உதிரக்கூடியது. வண்டிகளுக்குப் போனது இந்தப் பூச்சுத் தகடுதான். பிளாந்தேயின் தடித்த தகடோ தொலைபேசி நிலையங்களிலும் மின் நிலையங்களிலும் இருபது வருடத்துக்கு மேல் உழைத்தது. 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வுக்கூடம் தொலைபேசி நிலையங்களுக்கென்று தூய ஈயத்தில் ஓர் உருளை வடிவ செல்லை உருவாக்கியபோது, முப்பது வருடத்துக்கு மேல் தாங்க வேண்டும் என்பதே அதன் இலக்கு. வேதிவினை இதிலும் பிக்கப்பின் பேட்டரியிலும் ஒன்றுதான். தொலைபேசி நிலையத்து பேட்டரி குளிர்ந்த அறையில், அசைவில்லாமல், எப்போதும் முழு மின்னேற்றத்தில் நிற்கிறது. பிக்கப்பின் பேட்டரிக்கு இந்த மூன்றில் ஒன்றுகூட வாய்ப்பதில்லை.

வண்டி தன் பேட்டரியிடம் முதலில் பெரிதாக எதையும் கேட்கவில்லை. 1908ல் வந்த ஃபோர்டின் மாடல் டி, எஞ்சினின் ஃப்ளைவீலோடு சுழலும் மேக்னெட்டோவிலிருந்து தன் தீப்பொறியைத் தானே எடுத்துக்கொண்டது. ஹேண்டில் போட்டுச் சுற்ற ஒரு வலுவான கை இருந்தால் போதும். அந்தக் கையை எஞ்சின் திருப்பி அடித்து முறித்த கதைகள் ஏராளம். 1912 மாடல் கேடிலாக்கில் சார்லஸ் கெட்டரிங்கின் மின் ஸ்டார்ட்டர் வந்து அந்த ஆபத்தை ஒழித்தது. மாடல் டிக்கு ஸ்டார்ட்டர் 1919ல் கிடைத்தது. 1925ல் ஃபோர்டு அதே வண்டியைப் பின்னால் சரக்குத் தொட்டியோடு பிக்கப்பாக விற்கத் தொடங்கியபோது, பேட்டரி வண்டிகளில் வழக்கமான உறுப்பாகிவிட்டிருந்தது. ஸ்டார்ட்டர் கேட்பது சில நொடிகளே, ஆனால் அந்த நொடிகளில் நூற்றுக்கணக்கான ஆம்பியர். அவ்வளவையும் ஒரேயடியாகத் தர அமிலம் தொடும் பரப்பு அதிகமாக வேண்டும். கைக்கு அடக்கமான பெட்டிக்குள் பரப்பைக் கூட்ட வேண்டுமானால் தகடுகளை மெல்லியதாக்கி எண்ணிக்கையைக் கூட்டுவதுதான் வழி. நேர்மின் தகட்டின் ஈயச் சட்டமோ நாளுக்கு நாள் அரிக்கப்படுவது. மெல்லிய சட்டம் முன்னதாகவே அறுந்துபோகும். ஆயுளைக் கொடுத்து வேகத்தை வாங்கிய முதல் பேரம் இதுவே.

அந்தப் பேரம் தெரிந்தே நடந்தது என்பதற்கு எடிசன் சாட்சி. தாமஸ் எடிசன் உருவாக்கிய நிக்கல்-இரும்பு பேட்டரி முதல் வடிவில் தோற்று, திருத்தப்பட்டு, 1910ஐ ஒட்டி மீண்டும் சந்தைக்கு வந்தது. சரக்கு கொண்டுபோகும் மின்வண்டிகளில் அது உழைத்தது. அந்த பேட்டரிகளில் சில, பல பத்தாண்டுகள் கழித்தும் வேலை செய்தன. ஆனால் அதன் உள்மின்தடை அதிகம். ஸ்டார்ட்டர் கேட்கும் திடீர் வீச்சை, அதுவும் குளிரில், அதனால் தர முடியவில்லை. நீண்டு வாழும் பேட்டரி கையில் இருந்தும், எஞ்சின் கார் ஈயத்தின் மெல்லிய தகட்டையே தேர்ந்துகொண்டது.

பிறகு வந்த ஒவ்வொரு நல்ல திருத்தத்துக்கும் இதே கதி. 1955-56ல் செவ்ரலேயும் ஃபோர்டும் தங்கள் பிக்கப்களை 6 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு மாற்றின. கம்பிகளில் இழப்பு குறைந்தது, ஆனால் அதன் பயனை இறுக்கம் கூடிய பெரிய வி-8 எஞ்சின்களைச் சுழற்றுவது எடுத்துக்கொண்டது. 1960களில் டைனமோவின் இடத்துக்கு ஆல்டர்னேட்டர் வந்தது. வண்டி நின்றபடி எஞ்சின் மட்டும் ஓடும்போதும் பேட்டரிக்கு மின்னேற்றம் கிடைத்தது. இது உண்மையான லாபம், ஏனெனில் அரைகுறை மின்னேற்றத்தில் நிற்கும் தகட்டில் ஈய சல்ஃபேட் கெட்டிப்பட்டு மீளாமல் போகும். 1967ல் சியர்ஸ் நிறுவனத்தின் டைஹார்ட் பேட்டரி, கனத்த ரப்பர் பெட்டிக்குப் பதில் மெல்லிய பாலிப்ரொப்பிலீன் பெட்டியில் வந்தது. மிச்சமான இடம் தகடுகளுக்குக் கிடைத்தது. அதைத் தகட்டைத் தடிமனாக்கச் செலவழித்திருந்தால் ஆயுள் கூடியிருக்கும். பெரும்பாலும் அது சென்றது கூடுதல் ஆம்பியருக்கு. 1970களில் சட்டத்தில் ஆன்டிமனிக்குப் பதில் கால்சியம் சேர்த்ததால் தண்ணீர் குறைவது வெகுவாக அடங்கியது. உடனே மூடிகளை ஒட்டிவிட்டார்கள். டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றிப் பேட்டரியைக் காப்பாற்றும் பழக்கம் அதோடு கைவிடப்பட்டது. வெயில் ஊர்களில் தண்ணீர் மெல்ல வற்றும் பேட்டரியை இனி யாரும் திறந்து பார்க்க முடியாது. இன்றைய பிக்கப் சாவியை எடுத்த பின்னும் உறங்குவதில்லை. கணினிகளும் அலாரமும் சேர்ந்து 50 மில்லி ஆம்பியர் இழுத்தால் மாதத்துக்கு 36 ஆம்பியர்-மணி. 70 ஆம்பியர்-மணி பேட்டரியில் அது பாதி. வாரக் கடைசியில் மட்டும் எடுக்கப்படும் பிக்கப், அரை வயிற்றோடு கிடந்தே கெடுகிறது.

வெப்பத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழி போவது குளிரின் மேல். பனிக்காலக் காலையில் செல்ஃப் எடுக்காதபோதுதான் பேட்டரி போய்விட்டது என்று தெரிகிறது. ஆனால் அதைக் கெடுத்தது முந்தைய கோடை. வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் ஏறினால் அரிப்பின் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும். அரிசோனாவில் வாங்கிய பேட்டரி, வடக்கே மின்னசோட்டாவில் வாங்கியதைவிடக் குறைந்த காலமே உழைப்பது இதனால்தான். மாசுக் கட்டுப்பாட்டுக் கருவிகளும் இறுக்கமான பானெட்டும் எஞ்சின் அறையின் சூட்டைக் கூட்டியபோது பேட்டரியை அதற்குள்ளேயே விட்டார்கள். சில கார்களில் அதைப் பின்பக்கப் பெட்டிக்கு மாற்றினார்கள். பிக்கப்களில் அந்த அக்கறை அபூர்வம்.

இதற்கெல்லாம் நிறுவனங்களின் சூழ்ச்சியே காரணம், அடிக்கடி வாங்கவைக்கவே ஆயுளைக் குறைக்கிறார்கள் என்று ஒரு வாதம் உண்டு. அப்படி நடந்ததே இல்லை என்று சொல்ல முடியாது. மின்விளக்கு உற்பத்தியாளர்கள் 1924ல் கூடி விளக்கின் ஆயுளை ஆயிரம் மணி நேரத்துக்குள் அடக்கியது வரலாறு. ஆனால் பேட்டரிக்கு அந்தச் சூழ்ச்சி தேவைப்படவில்லை. தடித்த தகடு எடையையும் விலையையும் கூட்டும். கடையில் நிற்பவர் பார்ப்பது விலையையும், மைனஸ் 18 டிகிரியில் எத்தனை ஆம்பியர் என்று ஒட்டியிருக்கும் எண்ணையும்தான். பத்து வருடம் வரும் என்பதை எந்த எண்ணும் அவருக்குச் சொல்வதில்லை. அமெரிக்காவில் பழைய பேட்டரிகள் ஏறக்குறைய முழுவதும் திரும்பப் பெறப்பட்டு உருக்கப்படுகின்றன. அது பாராட்டத்தக்க ஏற்பாடு. ஆனாலும் குறைந்த ஆயுளின் சுமையை யாரும் உணராமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

லித்தியம் வந்துவிட்டதே, இந்தக் கதை முடிந்துபோன ஒன்று என்று சொல்பவர்களுக்கும் பதில் உண்டு. 2022ல் வந்த ஃபோர்டின் மின்சார பிக்கப் எஃப்-150 லைட்னிங்கின் பெரிய பேட்டரிக்கு 8 வருடம் அல்லது 1,00,000 மைல், 70 சதவீதக் கொள்ளளவுக்குக் குறையாமல் என்று உத்தரவாதம் தரப்பட்டது. அந்த பேட்டரியைச் சுற்றிக் குளிர்விக்கும் திரவம் ஓடுகிறது, மின்னேற்றத்தை ஒரு கணினி இடைவிடாமல் கண்காணிக்கிறது. வேதிவினை வேறுதான். ஆனால் எந்த பேட்டரிக்கும் ஆயுளைத் தரும் கவனிப்பு அதற்கு முதல் நாளிலிருந்தே திட்டமிட்டுத் தரப்பட்டிருக்கிறது. அதே வண்டியில் கதவையும் கணினிகளையும் எழுப்ப 12 வோல்ட் பேட்டரி ஒன்றும் இருக்கிறது. அதற்கு எட்டு வருட வாக்குறுதி எதுவும் இல்லை.