உருவமும் நாணமும்

தாம்பரத்திற்கும் சென்னைக் கடற்கரைக்கும் இடையே மின்சார இரயில் ஓடத் தொடங்கியது 1931ஆம் ஆண்டில். அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்னர், 1929இல், வங்கத்துச் சிற்பி தேவிபிரசாத் ராய் சௌத்ரி சென்னை ஓவியப் பள்ளியின் முதல் இந்தியத் தலைவராகப் பொறுப்பேற்றிருந்தார். தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் ஆகிய ஊர்களிலிருந்து புறப்படும் மாணவர் எழும்பூரில் இறங்கி, பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையிலுள்ள அப்பள்ளிக்கு நடந்தே சென்றுவிடலாம். இப்படியாகத் தென்புறநகர்க் குடும்பங்களுக்கு ஓவியக் கல்வி ஓர் இரயில் பயணத் தொலைவில் வந்து சேர்ந்தது.

அக்கல்வியோடு ஒரு பழைய வினாவும் வந்தது. மனித உடலை உள்ளவாறு தீட்டக் கற்க வேண்டுமாயின், ஆடையின்றி ஒருவர் எதிரே அமர்ந்தே ஆக வேண்டுமா? பிள்ளையை ஓவியக் கல்லூரிக்கு அனுப்ப எண்ணும் முஸ்லிம் பெற்றோரின் உள்ளத்தை இன்றும் உறுத்தும் வினா இது. பேசக் கூசும் பொருள்தான். ஆயினும், கூசிப் பேசாமல் விட்டதால் எந்த வினாவும் தீர்ந்ததில்லை. இதன் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்போம்.

மேனாட்டின் கதை

ஆடையற்ற உருவத்தைக் கலையின் சிகரமாக்கியவர்கள் கிரேக்கர்கள் என்பர். ஆனால் கிரேக்கரிடையேயும் இதில் ஒருமித்த கருத்து இருந்ததில்லை. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் பிராக்ஸிடிலீஸ் என்னும் சிற்பி ஒரே தேவதைக்கு இரு சிலைகள் செய்து விற்பனைக்கு வைத்தார். ஒன்று ஆடையுடையது, மற்றொன்று ஆடையற்றது. காஸ் தீவினர் ஆடையுடைய சிலையையே தேர்ந்துகொண்டனர். அவர்கள் விட்டுச் சென்றதை நிடஸ் நகரத்தார் வாங்கினர். உரோமானிய அறிஞர் பிளினி இதனைப் பதிவு செய்துள்ளார்.

உரோமில் மைக்கேலாஞ்சலோ 1541இல் தீட்டி முடித்த இறுதித் தீர்ப்பு ஓவியத்தின் கதியும் இதுவே. அவர் மறைந்த மறு ஆண்டான 1565இல், டேனியல் டா வொல்தெர்ரா என்பவர் அவ்வுருவங்கள் பலவற்றுக்குத் துணி தீட்டினார். கால்சட்டைக்காரர் என்ற கேலிப் பெயரையும் பெற்றார்.

இலண்டன் அரசக் கலைக்கழகத்தின் வரலாறு இன்னும் சிந்திக்கத்தக்கது. 1768இல் அதனை நிறுவியவர்களுள் ஏஞ்சலிகா காஃப்மன், மேரி மோசர் என்ற இரு பெண்மணிகளும் இருந்தனர். உறுப்பினர்கள் ஆடையற்ற ஆண் உருவத்தைச் சூழ்ந்து நிற்கும் காட்சியைச் சோஃபனி என்ற ஓவியர் தீட்டியபோது, அவ்விருவரையும் அறைக்குள் நிறுத்தவில்லை. சுவரில் மாட்டிய படங்களாகவே காட்டினார். இருபது வயது நிரம்பாத மாணவர், மணமாகாதவராயின், பெண் உருவத்தை வரையும் வகுப்பில் நுழையக் கூடாது என்றும் அக்கழகம் விதி வகுத்தது. மாணவியருக்கோ 1893இல்தான், அதுவும் இடுப்பு மறைத்த உருவத்தை வரைய, அனுமதி கிடைத்தது.

இவ்விதிகள் யாருடைய நாணத்தைக் காத்தன? காண வந்த சீமான் வீட்டுப் பிள்ளைகளின் நாணத்தை. கூலிக்காக ஆடை களைந்து அமர்ந்த ஏழைப் பெண்ணின் நாணத்தைப் பற்றி எந்த விதியும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. இவ்வரலாற்றில் நம் கருத்தைக் கவர வேண்டிய இடம் இதுவே.

தொழிலின் கடுமை

ஓவியர்கள் இதனை ஏன் வேண்டினர் என்பதையும் நடுநிலையோடு அறிதல் வேண்டும். ஆடை, வரைபவரின் பிழைகளை மறைத்துவிடும், உடல் மறைக்காது. ஒருவர் ஒரு காலில் ஊன்றி நின்றால், ஊன்றிய பக்கத்து இடுப்பு உயர்கிறது. அதே பக்கத்துத் தோள் தாழ்கிறது. முதுகெலும்பு வளைந்து அவ்விரண்டையும் சமன் செய்கிறது. இதில் ஒன்று பிசகினாலும் உருவம் விழப்போவது போலத் தோன்றும். தோலின் நிறமும் ஒரே நிறமன்று. குருதி மிகும் இடத்தில் சிவப்பும், எலும்பை ஒட்டிய இடத்தில் வெளிறலும், நிழலில் பசுமையும் கலந்து நிற்கும். ஐரோப்பிய நூல்கள் வெள்ளைத் தோலுக்குச் சொன்ன வண்ணக் கலவை நம் மாநிறத்திற்கும் கருநிறத்திற்கும் பொருந்துவதில்லை. நம் மேனியில் நிழலைக் காட்டிலும் ஒளிபடும் இடமே உருவத்தை எடுத்துச் சொல்கிறது. மேலும், எதிரே அமர்ந்திருப்பவர் உயிருள்ளவர், மூச்சு விடுகிறார், களைப்படைகிறார், தசை தளர்ந்ததும் நிழல் இடம் மாறிவிடுகிறது.

நம் நாட்டுச் சிற்பிகள் இச்சிக்கலுக்குள் நுழையவே இல்லை. நம் புறநகருக்குத் தெற்கே, அதே கடலோரத்தில் உள்ள மாமல்லபுரத்தின் பல்லவர் காலப் புடைப்புச் சிற்பங்களில் ஆடை மிகக் குறைவு. ஆனால் அவற்றுக்காக எவரையும் நிறுத்தி வைத்துப் பார்த்துச் செதுக்க வேண்டியதில்லை. முகத்தின் நீளத்தை அலகாகக் கொண்ட தாளம் என்னும் அளவுமுறையால், மனத்தில் கண்ட உருவத்தைக் கல்லில் வடிப்பது இந்நாட்டு மரபு. உயிருள்ள ஒருவரை ஆடையின்றி அமர்த்தும் முறை நமக்கு மேனாட்டிலிருந்து வந்ததே.

மார்க்கத்தின் பார்வை

உயிருள்ளவற்றின் உருவம் சமைப்பது குறித்து நம் உலமாக்களின் கருத்துகள் பலவாறாக உள்ளன. சிலர் முற்றும் தடுத்தனர். எகிப்தின் முஃப்தி முஹம்மது அப்துஹு போன்றோர், வணங்கப்படும் நோக்கமில்லாத ஓவியத்தில் அறிவுப் பயன் கண்டனர். அவ்விவாதத்துள் ஈண்டுப் புகவில்லை. உடலை மறைத்தல் பற்றிய சட்டமோ பெரிதும் தெளிவானது. ஆணுக்கும், தொப்புளுக்கும் முழங்காலுக்கும் இடைப்பட்ட பகுதியை மறைத்தல் கடமை என்பது பெரும்பான்மையான ஃபிக்ஹு அறிஞரின் முடிவு. நாணத்தை ஈமானின் கிளைகளுள் ஒன்றாக வைத்த மார்க்கம் நம்முடையது.

வரலாற்றை மறைக்காமல் கூறின், முஸ்லிம் அரண்மனைகளும் இதற்கு விலக்கல்ல. 8ஆம் நூற்றாண்டில் உமையா இளவரசர் வலீத் பின் யஸீத் எழுப்பிய குசைர் அம்ரா, இன்றைய ஜோர்தான் பாலையில் நிற்கிறது. அதன் குளிப்பறைச் சுவர்களில் ஆடையற்ற உருவங்கள் உள்ளன. அது அரசரின் களிப்பிடம். சமுதாயம் பின்பற்றிய வழியன்று. சமுதாயம் போற்றிய வழி வேறு. பாரசீக மருத்துவர் மன்சூர் பின் இல்யாஸ் 1386ஆம் ஆண்டளவில் தைமூரின் பேரருக்குக் காணிக்கையாக்கிய உடற்கூற்று நூலில் எலும்பு, நரம்பு, தசை, குருதிக்குழாய் ஆகியவற்றைக் காட்டும் முழு உடற்படங்கள் இடம்பெற்றன. நோய் தீர்க்கும் தேவை ஏற்படும்போது மருத்துவர் பார்க்கலாம் என்ற ஃபிக்ஹு விதிக்கு ஒத்த பணி அது. தேவையும் கண்ணியமும் அங்கே கைகோத்து நின்றன.

சென்னை கண்ட வழிகள்

சென்னை ஓவியப் பள்ளியை 1850இல் தொடங்கிய அலெக்சாண்டர் ஹண்டரும் ஒரு மருத்துவரே என்பது நினைக்கத்தக்கது. அப்பள்ளியின் பிற்கால மேதைகள் மனித உருவத்தை அணுகிய வழிகளில் மூன்றைக் காண்போம்.

முதலாவது ராய் சௌத்ரியின் வழி. மெரினாவில் 1959இல் நிறுவப்பெற்ற உழைப்பாளர் சிலையை அறியாதவர் இலர். பாறையைப் பெயர்க்கும் நால்வரின் உடலில் ஒவ்வொரு தசையும் முறுக்கேறி நிற்கிறது. அவர்கள் இடுப்பில் இருப்பது நம் தொழிலாளர் உடுத்தும் சிறு துணியே. பள்ளியின் காவலாளர் ஒருவரும் மாணவர் ஒருவரும் இதற்கு மாதிரிகளாக நின்றனர் என்பர். கிரேக்கச் சிற்பி தேடிய உடலழகு இதில் உண்டு. ஆனால் நின்றவர் எவரும் நாண வேண்டிய தேவையில்லை. தாம் நாளும் நிற்கும் கோலத்திலேயே நின்றனர். காண்பவரும் குடும்பத்தோடு நின்று காண்கின்றனர்.

இரண்டாவது கே.சி.எஸ். பணிக்கரின் வழி. 1957இல் பள்ளித் தலைவரான இவர் மனித உருவங்களைத் திறம்படத் தீட்டியவர். ஆயினும் 1963 முதல், சொற்களும் குறியீடுகளும் என்ற ஓவிய வரிசையில், எழுத்துகளாலும் கட்டங்களாலுமே திரையை நிரப்பினார். எழுத்தையே ஓவியமாக்கி வளர்த்த நம் சமுதாயத்திற்கு இவ்வழி அந்நியமன்று.

தாம்பரத்திலிருந்து மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாகக் கிழக்கே சென்றால் ஈஞ்சம்பாக்கம் வரும். பணிக்கரும் அவர்தம் மாணவர்களும் கைவினைப் பொருள்கள் விற்ற பணத்தால் மணல்மேட்டை வாங்கி, 1966இல் சோழமண்டலம் என்ற கலைஞர் கிராமத்தை நிறுவியது இங்கேதான். மூன்றாவது வழியைக் கண்ட ஜே. சுல்தான் அலி 1969இல் இங்கு வந்து குடியேறினார். 1920இல் பிறந்த இவர் சென்னைப் பள்ளியில் ராய் சௌத்ரியிடம் பயின்றவர். அங்குக் கற்ற மேனாட்டு முறையோடு நின்றுவிடாமல், பஸ்தர் பழங்குடியினரின் கலையை நாடினார். அவருடைய ஓவியங்களில் காளையும் பறவையும் மனிதரும் குறியீடுகளாகின்றனர். எழுத்துகள் அவற்றைச் சூழ்கின்றன. எவருடைய தோலையும் நகலெடுக்காமலே உயிரின் ஆற்றலைக் காட்ட முடியும் என்று மெய்ப்பித்து, 1990இல் அவர் மறைந்தார்.

இவர்கள் மார்க்கச் சட்டத்தை எண்ணி இவ்வழிகளைக் கண்டனர் என்று நான் வாதிடவில்லை. கலையின் உயரம் ஆடை களைந்த உருவத்தில் மட்டும் இல்லை என்பதற்கு இவர்களின் படைப்புகள் சான்றாகின்றன என்பதே என் துணிபு.

ஆகவே, தூரிகையை நாடும் பிள்ளையைப் பெற்றோர் அச்சத்தால் தடுக்க வேண்டியதில்லை. கையும் காலும் முகமும், எலும்பின் அமைப்பும், உழைப்பவரின் நிலையும் வாழ்நாள் முழுதும் கற்றாலும் தீராத பாடங்கள். ஒன்றை மட்டும் அப்பிள்ளைக்குச் சொல்லி அனுப்புவோம். எதிரே அமர்ந்திருப்பவர் கூலிக்கு வந்த ஏழையாயினும், அவருடைய நாணமும் நம் வீட்டார் நாணத்திற்கு நிகரானது. தன் தங்கையிடம் கேட்கக் கூசுவதைப் பிறர் தங்கையிடம் காசு கொடுத்துக் கேளாதிருப்பதே கலைஞனுக்குரிய முதற்பண்பு. இப்பண்பை அல்லாஹ் நம் மக்களுக்கு அருள்வானாக!