ஆணித்தலையும் சுருள்வில்லும்

கதவு நிலையைச் சுற்றி அழகுச் சட்டம் அடிக்கும் தச்சனுடைய வேலையில் மிகக் கடினமான அடி, ஆணியின் கடைசி அடியே ஆகும். ஆணி முக்காற் பங்கு இறங்கும்வரை சுத்தியல் தயக்கமின்றி வேலை செய்யும். தலை மட்டும் பலகைக்கு மேலே நிற்கும்போது அதே சுத்தியல் பகையாகி விடுகிறது. சற்றே பிசகினால், இழைத்து மெருகேற்றிய பலகையில் பிறைவடிவத் தழும்பு விழும். இதனைத் தவிர்ப்பதற்காகவே, நுனி ஒடுங்கிய ஓர் உருக்குக் கோலை ஆணித்தலையில் ஊன்றி, அதன் மேல் அடித்து, ஆணியைப் பலகையின் மட்டத்துக்குக் கீழே அமிழ்த்தும் வழக்கம் தோன்றியது. பின்னர் அக்குழியை மக்கு வைத்து மூடிவிட்டால், ஆணி இருந்த இடமே தெரியாது. ஆயினும் அங்கேயும் ஒரு கை கோலைப் பிடிக்க, மறுகை சுத்தியலை ஓங்க வேண்டியிருந்தது. தவறும் அடியை விரல்களே தாங்கின.

சுத்தியலே இல்லாமல் அந்த அடியைக் கொடுக்கச் சுருள்வில் எவ்வாறு வந்தது என்பதை அறிய வேண்டுமாயின், முதலில் ஆணியின் கதையை அறிதல் வேண்டும்.

இன்று ஒரு பிடி ஆணி சிந்தினால் குனிந்து பொறுக்குவோர் சிலரே. பண்டைக் காலத்தில் நிலைமை அவ்வாறன்று. ஒவ்வோர் ஆணியும் உலையிற் காய்ச்சி, பட்டடையில் வைத்து, நான்கு புறமும் தட்டி, தனித்தனியே தலை கட்டப்பட்டது. ஸ்கொட்லாந்திலே இஞ்ச்டூதில் என்னுமிடத்தில் உரோமப் படையினர் அமைத்த கோட்டையொன்று, கி.பி. 86 ஆம் ஆண்டளவில் கைவிடப்பட்டது. புறப்படுமுன் அவர்கள் ஆழமான குழி தோண்டி, ஏறக்குறைய 875,000 ஆணிகளைப் புதைத்து, மண்ணிட்டு மூடிச் சென்றனர். அவ்விரும்பு அயலிலிருந்த குடிகளின் கையில் ஆயுதமாகிவிடக் கூடாது என்பதே அவர்களுடைய எண்ணம் என ஆய்வாளர் கருதுகின்றனர். 1960 ஆம் ஆண்டில் அக்குவியல் வெளிப்பட்டபோது, வெளிப்புறத்து ஆணிகள் துருவேறி ஓடுபோல் இறுகி, உள்ளேயிருந்தவற்றைக் காத்திருந்தன. ஏறத்தாழப் பத்தொன்பது நூற்றாண்டுகளின் பின்னும் அவற்றுட் பல பளபளப்புக் குன்றாமல் இருந்தன.

வட அமெரிக்காவில் ஆங்கிலேயர் குடியேறிய வேர்ஜினியாவிலும் ஆணி அத்துணை அருமையாகவே இருந்தது. நிலத்தை விட்டு வேறிடம் பெயர்வோர், தம் பழைய வீட்டைத் தீயிட்டுக் கொளுத்தி, சாம்பலிலிருந்து ஆணிகளைப் பொறுக்கிச் சென்றனர். 1645 ஆம் ஆண்டில் அங்குள்ள சட்டசபை இவ்வழக்கத்தைத் தடை செய்தது. வீட்டைக் கொளுத்தாது விட்டுச் செல்வோருக்கு, அவ்வீட்டில் எத்தனை ஆணிகள் இருக்கும் என்று நடுநிலையாளர் இருவர் மதிப்பிட்டு, அத்தனை ஆணிகளை ஈடாகக் கொடுக்க வேண்டும் என்றும் விதித்தது.

அதே வேர்ஜினியாவில், மனிதர் அனைவரும் சமமாகப் படைக்கப்பட்டனர் எனும் சுதந்திரப் பிரகடனத்தை வரைந்த தோமஸ் ஜெபர்சன், 1794 ஆம் ஆண்டில் மொன்டிசெலோ என்னும் தம் பண்ணையில் ஆணிப்பட்டறை ஒன்றைத் தொடங்கினார். அங்கே வேலை செய்தோர் 10 முதல் 16 வயது வரையான அடிமைச் சிறுவர். நாளொன்றுக்கு 8,000 முதல் 10,000 வரையான ஆணிகள் அங்கே அடிக்கப்பட்டன. ஒவ்வொருவனுக்கும் கொடுத்த இரும்பின் நிறையையும், அவன் திருப்பிக் கொடுத்த ஆணிகளின் நிறையையும் ஒப்பிட்டு, எவன் எவ்வளவு வீணாக்கினான் என்று கணக்கெழுதப்பட்டது.

1803 ஆம் ஆண்டு மே மாதம், அப்பட்டறையில் பிரவுண் கோல்பேட் என்பவன், விளையாட்டாகவோ குறும்பாகவோ, கேரி என்பவனுடைய ஆணிக்கம்பியை ஒளித்து வைத்தான். கேரி தன் சுத்தியலால் அவன் தலையில் அடித்தான். மண்டையோடு உடைந்தது. கோல்பேட் பிழைத்துக் கொண்டான். அவ்வேளை நாட்டின் ஜனாதிபதியாக இருந்த ஜெபர்சன், மற்றவர்களுக்கு எச்சரிக்கையாக, கேரியைச் செய்தியே திரும்பி வராத தொலைவுக்கு விற்றுவிடுமாறு பணித்தார். குறைந்த ஆணிகளுக்குக் கணக்குக் கேட்கும் பட்டறையில், ஒரு கம்பி காணாமற் போவது எத்தகைய அச்சத்தை எழுப்பியிருக்கும் என்பதை அக்கணக்கேடுகள் கூறவில்லை. கோல்பேட் பல்லாண்டுகளின் பின், 1833 ஆம் ஆண்டில், குடும்பத்தாருடன் ஆபிரிக்காவிலுள்ள லைபீரியாவுக்குக் கப்பலேறினார்.

இத்தகைய கைவேலையை இயந்திரம் மெல்ல மெல்ல அகற்றியது. 1795 ஆம் ஆண்டில் ஜேக்கப் பேர்கின்ஸ் என்னும் அமெரிக்கர் ஆணி வெட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். இரும்புத் தகட்டிலிருந்து வெட்டிய ஆணி முதலில் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், கம்பியை நறுக்கித் தலை கட்டிய உருண்டை ஆணி அதனை மேவியது. ஆணி மலிந்தபோது அதன் மதிப்பும் மாறியது. ஒரு காலத்தில் கதவில் ஆணித்தலைகளை வரிசையாகக் காட்டுவது பெருமையாக இருந்தது. இப்போதோ அவற்றை மறைப்பதே அழகாயிற்று. சிறுதலை கொண்ட மெல்லிய ஆணிகள் பெருகின; அவற்றை அமிழ்த்தும் முனைக்கோலும் தச்சனின் பெட்டியில் இன்றியமையாததாயிற்று.

கதவின் வரலாறும் இதனோடு இணைந்ததே. நம் பழைய கோயில்களிலும் வீடுகளிலும் கதவு குடுமியில் நின்று, கல்லிலோ மரத்திலோ அமைந்த குழியிற் சுழன்றது. அங்கே பிணைச்சலுக்கு வேலையில்லை. இரு தகடுகளை ஓர் அச்சாணியாற் கோத்து அமைக்கும் பிணைச்சல் மேனாட்டிலும் முன்பு கொல்லனின் கைவேலையே. பிற்காலத்தில் ஆலைகள் அதனைப் பெருவாரியாக உற்பத்தி செய்தன. அச்சாணியைக் கழற்றக்கூடியதாகச் செய்தபோது, திருகாணிகளைத் தொடாமலே கதவைத் தூக்கி எடுக்கும் வசதி கிடைத்தது. ஆனால் ஆண்டுக்கணக்கிற் பூசிய வர்ணமும் துருவும் அச்சாணியை இறுகப் பற்றிக்கொண்டால், அதைக் கீழிருந்து மேல்நோக்கித் தட்ட வேண்டும். நிலைக்கும் கதவுக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய மூலையில் சுத்தியலை வீச இடம் ஏது?

இடமில்லாத இடத்தில் அடிக்க வல்லது சுருள்வில். அதற்கு வேண்டிய நல்லுருக்கு எளிதாகக் கிடைத்ததன்று. இங்கிலாந்தில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் என்னும் கடிகாரத் தொழிலாளி, தம் கடிகாரங்களின் வில்லுக்கு ஏற்ற சீரான உருக்கு இல்லையே என்று வருந்தி, 1740 ஆம் ஆண்டளவில் மூசையில் உருக்கைக் காய்ச்சும் முறையை வகுத்தார். மூசையில் உருக்குச் செய்யும் கலையைத் தென்னிந்தியாவும் இலங்கையும் அதற்கு முன்பே அறிந்திருந்தன. இலங்கைக் கிராமத்தார் சிறு மண்குழல்களில் உருக்குச் செய்த முறையை, கலாயோகி ஆனந்த குமாரசுவாமி, மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய தம் 1908 ஆம் ஆண்டு நூலிற் பதிவு செய்துள்ளார்.

வில்லின் விதியை வகுத்தவர் றொபேட் ஊக். 1676 ஆம் ஆண்டில் அவர் அதனை எழுத்துகளைக் கலைத்த புதிராக வெளியிட்டு, 1678 ஆம் ஆண்டில் விடுவித்தார். எவ்வளவு நீட்சியோ அவ்வளவு விசை என்பதே அவ்விதியின் சாரம். மெதுவாக இழுத்து வைத்த உழைப்பை வில் சேமித்து வைக்கும்; விட்டவுடன் ஒரு நொடியிற் கொடுத்துவிடும்.

இருபதாம் நூற்றாண்டில் இக்கருத்து இரு வகையாகக் கைக்கருவியாயிற்று. முதலாவது, உலோகத்தில் துளையிடுமுன் புள்ளி குறிக்கும் தானியங்கி முனைக்கோல். அதனைக் கையால் அழுத்த அழுத்த உள்ளேயுள்ள வில் சுருங்கும். குறித்த எல்லையில் தடை நழுவ, உள்ளிருக்கும் சிறு சம்மட்டி பாய்ந்து அடிக்கும். விபத்துக்குள்ளான மோட்டார் வண்டியின் கண்ணாடியை உடைத்து உயிர்களை மீட்போரும் இதே அமைப்பைப் பயன்படுத்துகின்றனர். இரண்டாவது இன்னும் எளியது. இரண்டு உருக்குக் கோல்கள் ஒரு சுருள்வில்லால் இணைக்கப்பட்டிருக்கும். ஒன்றின் முனையை ஆணித்தலையில் ஊன்றி, மற்றதைப் பின்னால் இழுத்து விட்டால், இரண்டும் மோதும், ஆணி அமிழும். முனையை மாற்றி அமைத்தால், பிணைச்சலின் அச்சாணியை அதே முறையில் மேலே தள்ளலாம்.

சிறு வில் இத்துணை வலிமை பெறுவது எவ்வாறு? சராசரி 10 இறாத்தல் விசையுடன் 4 அங்குலம் இழுத்ததாகக் கொள்வோம். ஆணி அங்குலத்தில் 25 இல் ஒரு பங்கு மாத்திரம் இறங்கி நின்றால், இழப்புகளை நீக்கிப் பார்க்குமிடத்து, அதன்மேல் விழுந்த சராசரி விசை 1,000 இறாத்தல் ஆகும். உழைப்பு கூடவில்லை, நூறில் ஒரு பங்கு தூரத்துக்குள் ஒடுக்கப்பட்டதால் விசை நூறு மடங்காயிற்று. எனினும் முற்றாகத் துருவேறிய அச்சாணி முதலில் எண்ணெயைக் கேட்கும். வன்மரத்தில் ஓரடி போதாது, பல அடி வேண்டும். சில்லுத் தெறிக்கக் கூடுமாதலின், கண்ணுக்குக் காப்பும் வேண்டும்.

சுருள்வில்லின் அடியில் ஒரு நியாயம் உண்டு. இழுத்த அளவுக்கே அது அடிக்கும். முனை ஊன்றிய இடத்திலேயே அடிக்கும். சினம் கொண்டு ஓங்குவதற்கு அதிற் கைப்பிடி இல்லை. தச்சனுடைய விரலையும் பலகையின் முகத்தையும் அது ஒருங்கே காக்கிறது. மறைந்து போன ஆணித்தலையைத் தடவிப் பார்க்கும் கை, தட்டித் தட்டி ஆணி செய்த சின்னஞ்சிறு கைகளையும், கம்பி ஒன்றுக்காக ஓங்கப்பட்ட சுத்தியலையும் ஒரு கணம் நினைப்பின், அதுவே அச்சிறுவர்க்குச் செய்யும் மரியாதையாகும்.