வழக்குக் கணக்கும் நுண்கணக்கும்

நான் கல்லூரி வாசலை மிதித்தவன் அல்லன். வந்தவாசிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து புனேக்கு வந்து, போசரியில் போல்ட், நட் விற்றே நாற்பது வருஷம் ஓட்டிவிட்டேன். கடை சாத்திய பிறகு படித்ததுதான் என் படிப்பு. குற்றம் இருந்தால் பொறுத்தருள்க.

2009-இல் ஒரு வாடிக்கையாளர், ஓர் இயந்திரத்தின் முழு அசெம்பிளியையும் கணிப்பொறிக் கோப்பாக அனுப்பி, அதன் ஓட்டைகளுக்கு டவல் பின் கேட்டார். என் பையன் திரையிலேயே அளந்தான். 19.92 மி.மீ.

"சரியாப் பாத்தியாடா?"

"மூணு தடவை பாத்தேம்பா, அதேதான் வருது."

அந்த அளவுக்கே 400 பின்களைக் கிரைண்டிங் செய்து அனுப்பினோம். அத்தனையும் திரும்பி வந்தன. ஓட்டையின் விட்டம் 20 மி.மீ. எங்கள் சரக்கு உள்ளே லொடலொடவென்று ஆடியதாம். பையனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அளந்தவன் தப்பாக அளக்கவில்லை, கணிப்பொறியும் பொய் சொல்லவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அதைத் தேடப் போய்க் கிடைத்த சரித்திரமே இக்கட்டுரை.

கணிப்பொறி வடிவமைப்பில், அதாவது கேட் என்கிறார்களே அதில், ஒரு பாகத்துக்கு இரண்டு உருவங்கள் உண்டு. ஒன்று அசல். வளைவு முழுவதும் கணிதச் சூத்திரமாகவே இருக்கும். பிரான்சில் 1959 முதல் சித்ரோயன் கம்பெனியில் பால் டி காஸ்டெல்ஜோவும், 1960-களில் ரெனோ கம்பெனியில் பியர் பெசியேயும் கார்களின் வளைவுகளுக்காகப் போட்ட பாதை இது. மற்றொன்று எடை குறைந்த உருவம். வைரத்துக்குப் பட்டை தீட்டுவதுபோல, வளைவைத் தட்டையான சிறு முக்கோணங்களாக ஆக்கிவிடுவது. சூத்திரம் போய்விடும், முக்கோணங்களின் முனைகள் மட்டும் மிஞ்சும். கணிப்பொறிக்குச் சுமை குறைவு.

பட்டை கண்ணில் படாதா? படாது. 1971-இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்றி கூரோ என்பவர், பட்டைகளுக்கிடையே ஒளியையும் நிழலையும் படிப்படியாகக் கலந்து வழவழப்பாகக் காட்டும் உபாயத்தைக் கண்டார். என் பையன் கண்ட வட்டமும் இப்படி வழவழப்பாக்கிய பல்கோணமே!

இந்த எளிய உருவம் இல்லாவிட்டால் பெரிய அசெம்பிளிகளைத் திரையில் பார்ப்பதே கஷ்டம். 1990-இல் தொடங்கி 1994 ஜூன் 12 அன்று முதன்முதலாகப் பறந்த போயிங் 777 விமானத்தில், போல்ட், ரிவெட் எல்லாம் சேர்த்து சுமார் 30 லட்சம் பாகங்கள். (நம் சரக்கையும் எண்ணிக்கையில் சேர்த்திருக்கிறார்கள், சந்தோஷம்!) முன்பெல்லாம் முழு அளவில் மாதிரி விமானம் கட்டி, எந்தக் குழாய் எதில் முட்டுகிறது என்று பார்ப்பார்கள். இம்முறை அந்தச் சோதனையைப் பெரும்பாலும் திரையிலேயே முடித்தார்கள். அதற்கெனப் போயிங் 'ஃப்ளைத்ரூ' என்ற மென்பொருளைத் தானே உருவாக்கியது. பிற்பாடு 2004-இல் ஜெர்மனியின் சார்லாந்து பல்கலைக்கழகத்தார் அந்த விமானத்தின் முழு உருவத்தையும் திரையில் ஓட்டிக் காட்டினார்கள். முக்கோணங்கள் மட்டும் 35 கோடி! அசல், எளிது இரண்டையும் ஒரே கோப்பில் வைக்கக்கூடிய ஜேடி என்ற வடிவம் 2012-இல் ஐஎஸ்ஓ 14306 என்ற சர்வதேசத் தரமாயிற்று.

இப்போது எங்கள் பின்னுக்கு வருவோம். 20 மி.மீ. வட்டத்தை 36 பட்டையாக்கினால், முனைகள்தான் வட்டத்தில் படும். பட்டைகள் உள்வாங்கி நிற்கும். ஒரு பட்டையிலிருந்து எதிர்ப்பட்டைக்கு அளந்தால் 20-ஐ 5 பாகையின் கொசைனால் பெருக்கியதாகும்: 19.92. எச்7 என்ற பொருத்தத்தில் இந்த ஓட்டைக்கு அனுமதி 0.021 மி.மீ.தான். எங்களுக்கோ 0.08 போயிற்று. 360 பட்டை வைத்தால் 19.999 வரும். ஆனால் முக்கோணங்கள் பத்து மடங்காகும், எளிமை போய்விடும்.

இதைப் படிக்கும்போது எனக்கு மகாவீராச்சாரியார் நினைவு வந்தது. ராஷ்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில், ஏறத்தாழ கி.பி. 850-இல், 'கணிதசார சங்கிரகம்' எழுதிய சமணப் பெரியவர். 1912-இல் ரங்காச்சாரியார் ஆங்கில மொழிபெயர்ப்புடன் அது சென்னையில் அச்சேறியது. வட்டத்தின் சுற்றளவுக்கு அவர் இரண்டு கணக்குத் தருகிறார். விட்டத்தை 3-ஆல் பெருக்குவது வழக்குக் கணக்கு. 10-இன் வர்க்கமூலத்தால் பெருக்குவது நுண்கணக்கு. அவருடைய நுண்கணக்கும் இன்றைய 3.1416-க்குச் சற்றுக் கூடுதல்தான். ஆனாலும் பாருங்கள், எது வழக்கு, எது நுட்பம் என்று பெயரிட்டே சொன்னார். வழக்குக் கணக்கை அவர் தள்ளவில்லை, ஒளிக்கவும் இல்லை.

எங்களுக்கு வந்த கோப்பில் அந்தப் பெயர்தான் இல்லை. நாங்களும் கேட்கவில்லை. எளிய உருவம் இடம் பார்க்க, முட்டலைக் கண்டுபிடிக்க, வாங்குபவருக்குக் காட்ட நல்லது. அளவெடுக்க அசல் உருவமோ, வரைபடத்தில் எழுதிய எண்ணோ வேண்டும். அன்று முதல் எந்தக் கோப்பு வந்தாலும் எங்கள் கடையில் முதல் கேள்வி, "இது வழக்கா, நுட்பமா?" என்பதுதான்.

400 பின் நஷ்டம் எப்போதோ தீர்ந்தது. பையனைத் திட்டியதுதான் பாக்கி நின்றது. அந்தக் கணக்கையும் இம்மலரில் தீர்த்துக்கொள்கிறேன்: தம்பி, நீ அளந்தது சரிதான்ப்பா.