களிமண் தீர்த்த வழக்கு

இயங்கும் பொருளின் வலிமையை எவ்வாறு அளப்பது? எடையை வேகத்தால் பெருக்கினால் போதும் என்பது டேக்கார்ட் வழியினர் கொள்கை. அன்று, வேகத்தின் இருமடியால் பெருக்க வேண்டும் என 1686-இல் லைப்னிட்ஸ் மறுத்தார். ஐரோப்பிய அறிஞர் இரு கட்சியாயினர்.

ஏட்டில் தீராத இவ்வழக்கு சோதனைச்சாலையை அடைந்தது. ஒரே பருமனும் வெவ்வேறு எடையும் கொண்ட பந்துகளை இத்தாலிய அறிஞர் போலேனி கொழுப்பின்மேல் விழச் செய்தார். எடைக்கு எதிர்விகிதமான உயரங்களிலிருந்து விழுந்த அவை ஒத்த குழிகளையே இட்டன. இம்முடிவு 1718-இல் வெளிவந்தது.

ஹாலந்தின் லைடன் நகரப் பேராசிரியர் ஸ்கிராவசாண்டே, நியூட்டனின் இயற்பியலைப் பரப்பியவர். லைப்னிட்ஸின் கருத்தை ஏலாதவர். 1722-இல் அவர் பித்தளைக் குண்டுகளை மென்களிமண்ணில் விழச் செய்தார். வேகத்தை நேராக அளக்க வேண்டுவதில்லை. விழும் உயரம் நான்கு மடங்கானால் வேகம் இரட்டிக்கும் என்பதைக் கலிலியோ முன்னரே காட்டியிருந்தார். குண்டும் மண்ணும் மாறாதிருக்க, உயரத்தை மட்டும் மாற்றினால் விடை தெளியும். வேகம் இரட்டித்தபோது, பதிந்த குழியின் கொள்ளளவு இருமடங்கன்று, நான்கு மடங்காயிற்று!

தம் கட்சிக்கு மாறான இம்முடிவை அவர் மறைத்தாரல்லர். தம் கருத்தை மாற்றிக்கொண்டு அதனை உலகறியச் செய்தார். நியூட்டனின் நண்பர் கிளார்க் 1728-இல் இப்புதுக் கொள்கையைக் கடுமையாகத் தாக்கினார். பிரெஞ்சுப் பெண்மணி எமிலி து சாத்தலேயோ, 1740-இல் வெளியிட்ட தம் நூலில் லைப்னிட்ஸின் அளவையே ஆதரித்தார்.

இன்று நாம் இரண்டையும் ஏற்கிறோம்: முன்னது உந்தம், பின்னதில் பாதி இயக்க ஆற்றல். களிமண் காட்டியது இவ்வாற்றலையே. அதனை உள்ளவாறு கண்டுரைக்க நுண்ணறிவோடு நேர்மையும் வேண்டியிருந்தது என்பதை நாம் மறவாதிருப்போமாக.